வால்டர் டால்ரிம்பிள் மெயிட்லண்ட் பெல்

வால்டர் டால்ரிம்பிள் மெயிட்லண்ட் பெல் (செப்டம்பர் 8, 1880 - ஜூன் 30, 1954) இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வேட்டைக்காரர், வானோடி, எழுத்தாளர், ஓவியர் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் தந்தத்திற்காக யானை வேட்டையாடியவர்களுள் மிகவும் அறியப்பட்டவர். உகாண்டாவின் வடகிழக்கில் உள்ள கரமோஜா பகுதியில் நெடுங்காலம் வேட்டையாடியதால் "கரமோஜோ பெல்" என்னும் பெயரால் அழைக்கப்பட்டார். தம் வாழ்நாளில் 1,011 யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். அவற்றுள் 28 தவிர ஏனைய அனைத்தும் ஆண் யானைகள்.

அக்காலத்து யானை வேட்டைக்காரர்கள் பெரும்பாலோர் மிகப் பெரிய குழல் விட்டம் கொண்ட கனமான துப்பாக்கிகளையே நம்பினர். பெல் இதற்கு மாறாக, மான் வேட்டைக்கும் படைவீரர்களுக்கும் உரியதாகக் கருதப்பட்ட சிறிய தோட்டாக்களைப் பயன்படுத்தினார். செருமனியின் 7×57 மவுசர், ஆத்திரியாவின் 6.5×54 மான்லிக்கர்-ஷோனாவர் ஆகிய இரண்டையும் யானைகள் மீது நேரடியாகப் பயன்படுத்திப் பார்த்து, முதலாவதைத் தெரிவு செய்தார். அத்தெரிவும் அதற்கு அவர் கூறிய காரணங்களும் வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிய நூல்களில் இன்றளவும் பேசப்படுகின்றன.

இளமைக்காலம்

பெல், எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள கிளிப்டன் ஹால் என்னும் பண்ணை மாளிகையில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயதில் தாயையும் ஆறு வயதில் தந்தையையும் இழந்தார். மூத்த சகோதரர்களின் பொறுப்பில் வளர்ந்த இவர், சேர்க்கப்பட்ட பள்ளிகள் பலவற்றிலிருந்து ஓடிப்போனார். 13 வயதில் கப்பலில் பணிக்குச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாட வேண்டும் என்பது சிறுவயது முதலே இவருடைய விருப்பமாக இருந்தது.

பதினாறு, பதினேழு வயதில் இவர் கிழக்கு ஆப்பிரிக்காவை அடைந்தார். அப்போது மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி உகாண்டா இரயில் பாதை அமைக்கப்பட்டு வந்தது. இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர்கள் பலர் அப்பணியில் ஈடுபட்டிருந்தனர். அவர்களைச் சிங்கங்களிடமிருந்து காக்கும் வேலை பெல்லுக்குக் கிடைத்தது. எடின்பரோவின் பிரேசர் என்னும் துப்பாக்கி செய்வோர் உருவாக்கிய .303 துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அது ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கையால் மீண்டும் தோட்டா இடவேண்டும்.

குளொண்டைக்கும் போயர் போரும்

பின்னர் கனடாவின் குளொண்டைக் பகுதியில் பொன் கிடைப்பதாகப் பரவிய செய்தியால் ஈர்க்கப்பட்டு அங்கே சென்றார். பொன் தேடுவதைவிட, டாசன் நகரத்துக்கு வேட்டை இறைச்சி வழங்குவதே அவருக்கு வருவாய் தந்தது. குளிர்காலம் முழுவதும் பெல் வேட்டையாட, கூட்டாளி இறைச்சியை நகருக்குக் கொண்டுசென்று விற்றார். முடிவில் கூட்டாளி பணத்துடன் மறைந்துவிட்டதால் பெல் தம் துப்பாக்கியை விற்று வழிச்செலவுக்குப் பணம் தேட நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் போயர் போர் (1899-1902) நடந்துகொண்டிருந்ததால், கனடாவின் குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் சேர்ந்து மீண்டும் ஆப்பிரிக்கா சென்றார். போரில் இவருடைய குதிரை சுடப்பட்டு வீழ்ந்தபோது எதிரிகளிடம் பிடிபட்டார். பின் தப்பி வந்து ஒற்றராகப் பணியாற்றினார். அப்போரில் போயர்கள் பெருமளவில் ஏந்தியிருந்த ஆயுதம் 7×57 தோட்டாவைச் சுடும் மவுசர் துப்பாக்கியாகும். பிற்காலத்தில் பெல்லின் பெயருடன் இணைந்துவிட்ட தோட்டாவும் இதுவே. போர் முடிந்தபின் அவர் ஆப்பிரிக்காவிலேயே தங்கித் தந்த வேட்டையில் இறங்கினார்.

கரமோஜா

தந்தம் அன்று பியானோக் கட்டைகள், பில்லியர்ட் பந்துகள், கத்திப் பிடிகள் முதலியவற்றைச் செய்ய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிதும் வேண்டப்பட்டது. கடற்கரைக்கு அண்மைப் பகுதிகளில் பெரிய தந்தமுள்ள யானைகள் அரிதாகிவிட்டன. இதனால் பெல், இன்றைய மேற்குக் கென்யாவிலுள்ள முமியாசைத் தளமாகக் கொண்டு, குடியேற்ற அரசின் ஆட்சி இன்னும் வேரூன்றாத கரமோஜாவுக்குள் நுழைந்தார்.

கரமோஜாவின் மக்கள் கால்நடை வளர்ப்பவர்கள். செல்வத்தை மாடுகளின் எண்ணிக்கையால் அளப்பவர்கள். இதனை அறிந்துகொண்ட பெல், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஆண் யானைகளைத் தாம் சுடுவதற்கு உதவும் செய்தியைக் கொண்டுவருவோருக்கு ஒரு பசு பரிசளிப்பதாக அறிவித்தார். யானைகளின் இருப்பிடம் பற்றிய செய்திகள் தொடர்ந்து வரலாயின. பியாலே என்னும் உள்ளூர் வீரர் இவருக்கு வழிகாட்டியாகவும் நண்பராகவும் விளங்கினார். சுடப்பட்ட யானைகளின் இறைச்சி அவ்வப்பகுதி மக்களுக்குச் சென்றது.

அடுத்த ஆண்டுகளில் இவர் எத்தியோப்பியா, சூடான், லாடோ பகுதி, லைபீரியா, ஐவரி கோஸ்ட், பிரெஞ்சுக் காங்கோ ஆகிய இடங்களிலும் வேட்டையாடினார். லாடோ, பெல்ஜிய அரசர் இரண்டாம் லெயோபோல்டு உயிருடன் இருக்கும்வரை அவருடைய ஆட்சியில் விடப்பட்டிருந்த நிலப்பகுதி. 1909-இல் அவர் இறந்ததும் 1910-இல் அது சூடானுடன் சேர்க்கப்பட்டது.

யானையின் மண்டையோடு பற்றிய ஆய்வு

பெல்லின் துப்பாக்கித் தெரிவைப் புரிந்துகொள்ள அவர் சுடும் முறையை முதலில் அறிதல் வேண்டும். ஆப்பிரிக்க யானையின் தலை மிகப் பெரியது. ஆயினும் சுமார் 4 முதல் 5 கிலோகிராம் எடையுள்ள மூளை அதன் பின்பகுதியில், காதுத் துளைகளை ஒட்டிய மட்டத்தில் அடங்கியுள்ளது. அதைச் சுற்றித் தேன்கூடு போன்ற காற்றறைகள் நிறைந்த எலும்பு உள்ளது. குண்டு மூளையைத் தவறவிட்டால், எவ்வளவு பெரிய குண்டாயினும் யானை ஓடிவிடக்கூடும், அல்லது தாக்கக்கூடும். குண்டு மூளையைத் தொட்டால் யானை நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும்.

பெல் இறந்த யானையின் தலையை இரண்டாக அறுத்து, மூளை அமைந்துள்ள இடத்தை ஆராய்ந்தார். பல்வேறு கோணங்களிலிருந்து அவ்விடத்தை எவ்வாறு குறிபார்ப்பது என்பதைத் தாமே வரைந்த படங்கள் வாயிலாகத் தம் நூலில் விளக்கினார். விலகிச் செல்லும் யானையின் பின்புறத்திலிருந்து சாய்வாகக் கழுத்துத் தசைகளின் வழியே மூளையை அடையும் முறை, பிற்கால வேட்டைக்காரர்களால் பெல்லின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அவர் தம் துப்பாக்கியை உதவியாளரிடம் கொடுக்காமல் தாமே எந்நேரமும் சுமந்து சென்றார். தோட்டா இடாமல் குறிபார்த்து விசையை இழுக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். சிறு துப்பாக்கியின் ஓசை குறைவாக இருந்ததும் அவருக்கு உதவியது. ஒரு யானை அமைதியாகச் சாய்ந்துவிடும்போது ஏனையவை உடனே மிரண்டு ஓடுவதில்லை என்பதைக் கவனித்தார்.

பெருந்துப்பாக்கிகள்

தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு ஆகிய மூன்றும் ஓர் உலோக உறையில் அடங்கிய தொகுதியாகும். அன்றைய யானை வேட்டையில் புகழ்பெற்றிருந்த .577 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் குண்டு 750 கிரெய்ன், அதாவது சுமார் 48.6 கிராம் எடையுள்ளது. அதைச் சுடும் இரட்டைக்குழல் துப்பாக்கி சுமார் 6 கிலோகிராம் இருக்கும். 7×57 தோட்டாவின் ஆற்றலைப்போல மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றல் கொண்டது. ஆனால் அதன் பின்னுதைப்பு கடுமையானது. இரண்டு முறை சுட்டதும் மீண்டும் தோட்டா இடவேண்டும். வெப்பமண்டலத்தில் நாள் முழுவதும் யானைத் தடத்தைப் பின்தொடர்ந்து நடப்பவருக்கு அந்த எடையும் சுமையே.

பெல் .450/400 இரட்டைக்குழல் துப்பாக்கியையும் பயன்படுத்திப் பார்த்தார். மூளையைத் தொட்ட குண்டு சிறியதாயினும் பெரியதாயினும் விளைவு ஒன்றே எனவும், தொடாத குண்டு எதுவாயினும் பெரும்பயன் இல்லை எனவும் அவர் கண்டார். ஆகவே, தாழ்ப்பாள் போன்ற பிடியைப் பின்னிழுத்துத் தள்ளிச் சுடும் வகையைச் சேர்ந்த, ஐந்து தோட்டாக்கள் கொள்ளும் இலகுவான துப்பாக்கிகளுக்கு மாறினார். அவ்வகையில் அவர் முன் இருந்த சிறந்த தோட்டாக்கள் இரண்டு.

7×57 மவுசர்

இதனை செருமனியின் பவுல் மவுசர் 1892-இல் உருவாக்கினார். எசுப்பானியப் படை 1893-இல் ஏற்றுக்கொண்டது. பெயரிலுள்ள முதல் எண் குழலின் உள்விட்டத்தையும் இரண்டாம் எண் உறையின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். குண்டின் எடை 173 கிரெய்ன் (சுமார் 11.2 கிராம்). குண்டின் உண்மையான விட்டம் சுமார் 7.2 மிமீ. அது குழலிலிருந்து நொடிக்கு சுமார் 700 மீட்டர் விரைவில் வெளிப்பட்டது. குண்டின் முனை மழுங்கலாகவும் அதன் மேலுறை கடினமாகவும் இருந்தன. இலண்டனின் ரிக்பி நிறுவனம் மவுசர் துப்பாக்கிகளின் பிரித்தானிய முகவராக இருந்தது. அந்நிறுவனம் 1907-இல் இத்தோட்டாவுக்கு .275 ரிக்பி எனப் பெயரிட்டது. இரண்டும் ஒரே தோட்டாவே.

6.5×54 மான்லிக்கர்-ஷோனாவர்

பெர்டினாண்டு மான்லிக்கர், ஓட்டோ ஷோனாவர் ஆகிய இருவரின் பெயரால் அமைந்த இத்தோட்டாவும் துப்பாக்கியும் ஆத்திரியாவின் சுடெயர் நகரத் தொழிற்சாலையில் உருவாயின. 1900-இல் அறிமுகமாகி, 1903-இல் கிரேக்கப் படையால் ஏற்கப்பட்டன. குண்டின் எடை 160 கிரெய்ன் (சுமார் 10.4 கிராம்). விட்டம் சுமார் 6.7 மிமீ. விரைவு 7×57-இன் விரைவை ஏறக்குறைய ஒத்தது. ஷோனாவர் வடிவமைத்த சுழலும் தோட்டாக் கூடு இத்துப்பாக்கியின் சிறப்பு. அதனால் தோட்டாக்கள் சிக்கலின்றிக் குழலுக்குள் நுழைந்தன. துப்பாக்கி மெலிதாகவும் இலகுவாகவும் இருந்தமையால் மலையேறும் வேட்டைக்காரர்கள் இதனைப் பெரிதும் விரும்பினர். பிரித்தானியாவில் இதன் விட்டம் .256 எனக் குறிக்கப்பட்டது.

ஒப்பீடும் தெரிவும்

எண்களை மட்டும் நோக்கினால் இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் 6.5×54 சற்று மேலானதாகவே தோன்றும். ஒரு குண்டு எவ்வளவு ஆழம் ஊடுருவும் என்பதை மதிப்பிட, அதன் எடையை விட்டத்தின் இருபடியால் வகுத்துக் கிடைக்கும் அளவு பயன்படுகிறது. பவுண்டு, அங்குல அலகுகளில் இது 6.5×54 குண்டுக்கு 0.328, 7×57 குண்டுக்கு 0.306 ஆகும். நீண்டு மெலிந்த 6.5 மிமீ குண்டு கூடுதல் ஆழம் செல்லவேண்டும் என்பதே கணக்கு. பெல்லும் அத்துப்பாக்கியின் எடைக்குறைவையும் கையாளும் எளிமையையும் விரும்பினார். அதைக் கொண்டு பல யானைகளையும் வீழ்த்தினார்.

எனினும் இரண்டு காரணங்களால் அவர் 7×57-இன் பக்கம் சாய்ந்தார்.

முதலாவது, குண்டின் போக்கு. 6.5 மிமீ குண்டு கனமான எலும்பில் பட்டபோது வளைவதை அவர் கண்டார். வளைந்த குண்டு நேர்வழியில் செல்லாது. யானையின் தலையில் சில அங்குலம் விலகினாலும் மூளை தவறிவிடும். எந்த நீளமும் மெலிவும் கணக்கில் அக்குண்டுக்குச் சிறப்புத் தந்தனவோ, அவையே எலும்பின்முன் அதன் குறையாயின. 7 மிமீ குண்டின் நீளமும் விட்டமும் தக்க விகிதத்தில் இருந்தமையாலும் விரைவு மிதமாக இருந்தமையாலும் அது திசை மாறாமல் சென்றது எனப் பெல் கருதினார்.

இரண்டாவது, தோட்டாவின் நம்பகத்தன்மை. அக்காலத்தில் தோட்டாக்கள் கப்பலில் வெப்பக் கடல்களைக் கடந்து, பின் சுமைதூக்குவோரின் தலையில் மாதக்கணக்கில் பயணம் செய்யவேண்டியிருந்தது. அவர் பயன்படுத்திய பிற தோட்டாக்களில் சில வெடிக்கவே இல்லை. சில, விசையை இழுத்தபின் தாமதித்து வெடித்தன. சிலவற்றின் உறை பிளந்தது அல்லது குழலில் சிக்கிக்கொண்டது. வேறு சிலவற்றில் வெடிவளி சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்புறமாகப் பீறிட்டது. யானைக்கு மிக அருகில் நிற்பவருக்கு இவற்றுள் எதுவும் உயிருக்கே கேடாக முடியலாம். செருமனியின் டி.டபிள்யூ.எம். நிறுவனம் செய்த 7×57 தோட்டாவில் மட்டும் இவற்றுள் ஒன்றுகூடத் தமக்கு நேரவில்லை என அவர் பதிவு செய்துள்ளார். அதன் கேப்பு ஏன் அவ்வளவு நம்பகமாக இருந்தது என்பது அவருக்கே விளங்கவில்லை.

தோட்டா வகை ஒன்றாயினும் அதைச் செய்தவர் யார் என்பதும் இதில் அடங்கும். பெல் பாராட்டியது 7×57 என்னும் அளவை மட்டுமன்று, குறிப்பிட்ட ஒரு தொழிற்சாலை செய்த தோட்டாவையும் சேர்த்தே ஆகும். அவர் வீழ்த்திய யானைகளில் சுமார் 800, இத்தோட்டாவால் வீழ்ந்தவை. எஞ்சியவற்றுக்கு 6.5×54, .303, .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் முதலியன பயன்பட்டன.

முதல் உலகப் போரும் பிற்காலமும்

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பெல் பிரெஞ்சுக் காங்கோவில் இருந்தார். உடனே இங்கிலாந்து திரும்பி வானூர்தி ஓட்டக் கற்று, அரச பறக்கும் படையில் சேர்ந்தார். செருமானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் (பின்னாளைய தங்கனீக்கா) வேவு வானோடியாகப் பணியாற்றினார். பின்னர் கிரேக்கத்தின் சலோனிக்காப் போர்முனையிலும் பணிபுரிந்தார். படைத்துறைச் சிலுவை விருதைப் பெற்றார்.

போருக்குப் பின் சர் எர்னஸ்ட் சோரெசின் மகள் கேத்தை மணந்தார். 1920களில் ஆப்பிரிக்காவில் இறுதி வேட்டைப் பயணங்களை மேற்கொண்டபின், இசுக்காட்லாந்தின் வடபகுதியில் கார்வ் என்னும் ஊருக்கு அருகே காரிமாய்லி என்ற பண்ணையில் வாழ்ந்தார். 1930களில் டிரென்ச்மெர் என்னும் பாய்மரப் படகைக் கட்டுவித்துக் கடற்போட்டிகளில் கலந்துகொண்டார். முதுமையில் தம் பண்ணையைச் சுற்றியுள்ள மலைகளில் செம்மான் வேட்டையாடினார். அப்போதும் சிறிய விட்டமுள்ள .220 சுவிப்ட் துப்பாக்கியையே விரும்பிப் பயன்படுத்தினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று காலமானார்.

நூல்கள்

பெல்லின் முதல் நூலான "ஒரு யானை வேட்டைக்காரனின் அலைச்சல்கள்" என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1923-இல் வெளிவந்தது. கரமோஜாப் பயணத்தைக் கூறும் இரண்டாம் நூல் 1949-இல் வெளியானது. அவர் விட்டுச்சென்ற எழுத்துகள் அமெரிக்கத் துப்பாக்கி அறிஞர் டவுன்சென்ட் வேலனால் தொகுக்கப்பட்டு 1960-இல் நூலாயின. பெல் வரைந்த ஓவியங்கள் அவருடைய நூல்களுக்கு மேலும் சிறப்பளித்தன.

மதிப்பீடு

பெல்லின் கருத்து அவர் காலத்திலேயே பலரால் மறுக்கப்பட்டது. அவருடைய உடற்கூற்று அறிவும் குறிதவறாத் திறனும் பதற்றமின்மையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதும், அவரைப் பார்த்துச் சிறு தோட்டாவுடன் யானையை எதிர்கொள்பவர் தம் உயிரை இழக்கலாம் அல்லது யானையைக் காயத்துடன் தப்பவிட்டுத் துன்புறுத்தலாம் என்பதும் எதிர்த்தரப்பின் வாதம். பெல் பெரும்பாலும் திறந்தவெளியில், தாமே இடத்தையும் நேரத்தையும் தெரிந்துகொண்டு சுட்டவர். அடர்காட்டில் தாக்கவரும் யானையை நிறுத்தவேண்டிய நிலை வேறு. பிற்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் பல, யானை போன்ற பெரிய விலங்குகளுக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள தோட்டாக்களையே சட்டப்படி அனுமதித்தன. அவற்றின்படி பெல்லின் இரு தோட்டாக்களும் யானை வேட்டைக்கு விலக்கப்பட்டவை.

இரண்டு தோட்டாக்களின் பிற்கால வரலாறும் வேறுபட்டது. மான்லிக்கர்-ஷோனாவர் துப்பாக்கியின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றது. அதன் தோட்டா இன்று அரிதாகவே செய்யப்படுகிறது. 7×57 தோட்டா மான் முதலிய விலங்குகளின் வேட்டைக்காகத் தொடர்ந்து பல நாடுகளில் உற்பத்தியாகிறது. இந்தியாவில் ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் பரிசாக அளிக்கப்பட்ட ரிக்பி துப்பாக்கியும் இதே தோட்டாவைச் சுடுவதே.

பெல் வேட்டையாடிய காலத்தில் யானை எல்லையற்ற செல்வமாகக் கருதப்பட்டது. தந்த வணிகமும் வாழிட இழப்பும் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின. கென்யா 1977-இல் வேட்டையைத் தடைசெய்தது. பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989-இல் எடுக்கப்பட்டது. 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆப்பிரிக்கப் புல்வெளி யானையை அழியும் நிலையில் உள்ளதாகவும், காட்டு யானையை அழிவின் விளிம்பில் உள்ளதாகவும் வகைப்படுத்தியது. பெல் நடந்த கரமோஜாவின் ஒரு பகுதி 1962-இல் கிடேப்போ பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. யானையின் மூளையைக் கண்டறிய அவர் வரைந்த படங்கள் இன்று வேட்டை வரலாற்றின் ஆவணங்களாக எஞ்சியுள்ளன.